'பின்' நம்பர் போட்டால் பணம் போகும்

கேள்வி: பழைய மரக்கட்டிலை விற்க இணையத்தில் படம் போட்டேன். ராணுவத்தில் இருப்பதாகச் சொன்ன ஒருவர் பேரமே பேசாமல் 6,000 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டார். க்யூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் செய்து 'பின்' நம்பர் போட்டால் பணம் வரும் என்றார். போட்டேன், என் 6,000 போய்விட்டது. (வாசகி, திருச்சி)

பதில்: உங்களை நீங்களே நொந்துகொள்ளாதீர்கள், அம்மா. இதே கதையோடு படித்தவர்கள் நிறையப் பேர் எழுதுகிறார்கள். யூபிஐயில் பணம் வாங்க 'பின்' நம்பர் தேவையே இல்லை. இதைப் படித்ததும் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் செய்யுங்கள். தாமதித்தால் பணம் கைமாறிக்கொண்டே போகும். இனிமேல் கட்டிலை நேரில் வந்து தட்டிப் பார்க்காதவருக்கு விற்காதீர்கள்.

கேள்வி: எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம்? விண்டோஸ் 11 வைத்திருக்கிறேன். (சேலம்)

பதில்: வாங்க வேண்டாம். உள்ளேயே டிஃபெண்டர் இருக்கிறது. அப்டேட்டைத் தள்ளிப்போடாமல் இருங்கள், போதும்.

கேள்வி: தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை வந்தது. இன்ஸ்டால் செய்யச் சொன்னது, செய்தேன். இப்போது ஓடிபி எதுவும் எனக்கு வருவதில்லை. (கோவை)

பதில்: யாருக்குக் கல்யாணம் என்றாவது கேட்டீர்களா? பத்திரிகை படமாக வரும், பிடிஎஃப்பாக வரும். ஏபிகே என்று முடிந்தால் அது செயலி. போனும் ஒருமுறை எச்சரித்திருக்கும். நீங்கள்தான் சரி, சரி என்று தட்டியிருக்கிறீர்கள். உங்கள் ஓடிபியை இப்போது வேறு யாரோ படிக்கிறார்கள். நெட்டை அணையுங்கள், வேறு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்குங்கள், அப்புறம் ஃபேக்டரி ரீசெட் (போனில் உள்ளதையெல்லாம் அழித்துப் புதிதாக்குவது).

கேள்வி: விலை குறைவு என்று விண்டோஸ் இல்லாத லேப்டாப் வாங்கினேன். விண்டோஸ், ஆபீஸ், போட்டோஷாப் எல்லாவற்றையும் கடைக்காரரே இலவசமாகப் போட்டுக் கொடுத்தார். இரண்டே மாதத்தில் ஆமை வேகம். சூதாட்டப் பக்கங்கள் தானாகத் திறக்கின்றன. வாரண்டியில் சரிசெய்வார்களா? (மதுரை)

பதில்: மாட்டார்கள். பில்லை எடுத்துப் பாருங்கள்: அந்த 'இலவசங்களில்' ஒன்றாவது அதில் இருக்கிறதா?

இந்தத் திருட்டு மென்பொருள்களைப் பற்றி எழுதினால் எனக்கு நிறுத்தத் தெரியாது. கிராக் போடும் கோப்பை, அதாவது காசு கட்டாமலே மென்பொருளின் பூட்டை உடைக்கும் நிரலை, ஓட்டுவதற்கு முன் டிஃபெண்டரை அணைக்கச் சொல்வார்கள். அப்புறம் அதற்கு அட்மின் அனுமதி வேண்டும். யார் எழுதியது என்றே தெரியாத ஒரு நிரல், காவலில்லாத கணினியில், முழு அதிகாரத்தோடு ஓடுகிறது. உள்ளே எதை விட்டுவிட்டுப் போனது என்று போட்டுக் கொடுத்தவருக்கே தெரியாது. அவர் அதே பென் டிரைவை அடுத்த லேப்டாப்பில் செருகியிருப்பார். கடிதம் அடிக்க லிப்ரே ஆபீஸ் போதும், சட்டப்படியே இலவசம். இதைச் சொன்னால் 'அதில் பழக்கம் இல்லை சார்' என்பார்கள்.

எனக்கும் பெரிய யோக்கியதை இல்லை. கணினியின் வேகத்தை மூன்று மடங்காக்கும் என்ற மென்பொருளை 1,499 ரூபாய் கொடுத்து வாங்கியவன் நான். அன்றுதான் பெட்டியிலிருந்து பிரித்த லேப்டாப்பில் அது 1,284 'பிழைகள்' கண்டுபிடித்தது. அப்போதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை, நன்றிதான் தோன்றியது.

நீங்கள் படங்களையும் ஆவணங்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு லேப்டாப்பைச் சுத்தமாக அழித்து, முறையான விண்டோஸ் போடுங்கள். பாஸ்வேர்டுகளை வேறு கணினியிலிருந்து மாற்றுங்கள்.

கேள்வி: அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 74. 'இன்றிரவு 9.30க்கு மின் இணைப்பு துண்டிக்கப்படும்' என்று மெசேஜ் வந்தது. அதிலிருந்த எண்ணைக் கூப்பிட்டு, சொன்ன செயலியை இறக்கினார். 42,000 போனது. உடனே வங்கிக்குச் சொன்னோம். சொன்ன பிறகும் 18,000 போனது. 'உங்கள் தவறு' என்கிறது வங்கி. (தஞ்சாவூர்)

பதில்: 42,000 கிடைப்பது கஷ்டம். 18,000ஐ விடாதீர்கள். வாடிக்கையாளரின் கவனக்குறைவாகவே இருந்தாலும், புகார் சொன்ன பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு என்பது ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் கொண்டுவந்த விதி. புகார் எண்ணையும் நேரத்தையும் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது மறுக்கிறார்கள் என்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போங்கள். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

அப்பாவைத் திட்டாதீர்கள். ஈபி பில்லை ஒருநாள்கூடத் தாமதிக்காமல் கட்டியவராக இருப்பார், அதனால்தான் பதறியிருக்கிறார். இந்த மெசேஜ் எனக்கும் வந்தது. பில் கட்ட மறந்துபோய் ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போன அனுபவம் இரண்டு முறை இருப்பதால், பேசாமல் தூங்கிவிட்டேன்.