போலீஸ் எங்கிருந்து வருகிறது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அல்சூரில் எங்கள் தெருவில் கேம் விளையாடும் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். 'மைண்ட்ஸ்ஐ' என்ற கேம் தள்ளுபடியில் வந்ததிலிருந்து குழு இரண்டுபட்டுக் கிடக்கிறது. ஒரு தரப்பு 'செத்த ஊர், காசு தண்டம்' என்கிறது. இன்னொரு தரப்பு 'கதை நல்லாப் போகுது, பேட்ச் (பிழை திருத்தும் அப்டேட்) வந்த பிறகு ஒரு பிரச்சினையும் இல்லை' என்கிறது. சைபர்பங்க் 2077 கேம் முதலில் திட்டு வாங்கிப் பிறகு தேறியதை எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். குற்ற உலக கேம் வரிசையான ஜிடிஏவில் ஆறாவது, ஜிடிஏ 6, வரும்போது இந்தச் சத்தம் இன்னும் பெரிதாகும். விளையாடியவர்கள் சொல்வதில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது? என்னிடம் இருப்பது 16 ஜிபி ராம், 6 ஜிபி கிராபிக்ஸ் மெமரி, 512 ஜிபி எஸ்எஸ்டி உள்ள லேப்டாப். எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் இன்னொரு 16 ஜிபி ராம் வாங்கிப் போட்டுவிடலாமா என்றும் யோசனை.

ச. கு.
அல்சூர், பெங்களூரு

அன்புள்ள ச. கு.,

உங்கள் குழுவில் இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. 'செத்த ஊர்' என்பவர் ஊரைச் சுற்றிப் பார்க்கப் போனவர். 'கதை நல்லாப் போகுது' என்பவர் கதை கொடுக்கும் பணியை, அதாவது மிஷனைப் பிடித்துக்கொண்டு போனவர். 2025 ஜூன் 10 அன்று வெளிவந்த மைண்ட்ஸ்ஐ, நேர்க்கோட்டில் கதை சொல்லும் கேம். ரெட்ராக் என்ற பாலைவன நகரம் அந்தக் கதைக்குப் பின்னணி. ஆனால் ஜிடிஏ வரிசையை உருவாக்கியதில் பெரும் பங்கு வகித்த லெஸ்லி பென்சீஸ் தலைமையேற்ற நிறுவனம் செய்தது என்பதால், வாங்கியவர்கள் பலரும் இன்னொரு ஜிடிஏவை எதிர்பார்த்துப் போனார்கள். அதே 2025 ஆகஸ்டில் வந்த 'மாஃபியா: தி ஓல்ட் கன்ட்ரி'க்கும் இதே கோபம் கொஞ்சம் விழுந்தது, ஓப்பன் வேர்ல்ட் (ஊர் முழுக்க இஷ்டம்போல் சுற்றும் கேம்) இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வந்தார்கள் என்றாலும். ஆகவே ஒரு ரிவ்யூவைப் படித்தால், எழுதியவர் எதைத் தேடிப் போனார் என்பதை முதல் இரண்டு வரியில் கண்டுபிடித்துவிடுங்கள்.

அடுத்ததுதான் முக்கியம். குற்றத்தை மையமாகக் கொண்ட ஓப்பன் வேர்ல்ட் கேமின் ரிவ்யூக்களில் 'கிராபிக்ஸ் வேற லெவல்', 'செம போர்' வகை வரிகளைத் தாண்டி, போலீஸைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடுங்கள். போலீஸ் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு நேரத்தில் வருகிறது, கண்ணில் படாமல் ஒளிந்தால் என்ன செய்கிறது. இந்த மூன்றுக்கும் பதில் சொல்லும் ஒரே ஒரு ரிவ்யூ போதும், மற்றதெல்லாம் அப்புறம்.

ஏன் போலீஸ்? போலீஸ் ஒழுங்காக வரவேண்டுமானால் கேமின் அத்தனை உறுப்பும் சேர்ந்து வேலை செய்தாக வேண்டும். தெருவில் நிற்பவர்களுக்குப் பார்வையும் காதும் இருந்தால்தான் குற்றத்தைப் பார்த்துச் சொல்ல முடியும். எந்த லேன் எந்தப் பக்கம் போகிறது, எந்தச் சந்திப்பில் திரும்பலாம் என்ற சாலைத் தகவல் உள்ளே இருந்தால்தான் போலீஸ் வண்டி தூரத்திலிருந்து கிளம்பி உங்களிடம் வந்து சேரும். நடுவில் நிற்கும் வண்டிகள் ஒதுங்க வேண்டும். நீங்களோ மணிக்கு 200 கிலோமீட்டரில் ஓடுகிறீர்கள். வினாடிக்கு ஏறத்தாழ 56 மீட்டர். அரைக் கிலோமீட்டர் தள்ளித் தெரியும் கட்டடம் ஒன்பது வினாடியில் பக்கத்தில் வந்துவிடும். அதற்குள் அந்தத் தெருவை டிஸ்க்கிலிருந்து எடுத்து மெமரியில் வைக்க வேண்டும், துரத்துகிறவர்களையும் யோசிக்க வைக்க வேண்டும். 60 எஃப்பிஎஸ்ஸில், அதாவது வினாடிக்கு 60 ஃப்ரேம் (படம்) வீதம் ஓடினால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிவினாடி. இவ்வளவில் ஏதாவது ஒன்று தயாராகவில்லை என்றால், செய்பவர்கள் கையாளும் குறுக்குவழி ஒன்று உண்டு. கேமரா பார்க்காத பக்கத்தில் போலீஸ்காரரை நிறுத்திவிடுவது.

2020 டிசம்பர் 10 அன்று சைபர்பங்க் 2077 வெளிவந்தபோது நடந்தது அதுதான். ஆளில்லாத இடத்தில் குற்றம் செய்தாலும் முதுகுக்குப் பின்னால் போலீஸ் முளைத்தது. காரில் ஏறிப் பறந்தால் யாரும் துரத்தவில்லை. நடுரோட்டில் வண்டியை நிறுத்தினால் பின்னால் வந்த வண்டிகள் சுற்றிப் போகத் தெரியாமல் வரிசையாக நின்றன. சில்க் போர்டு சந்திப்பைத் தினமும் கடக்கும் ஒருவருக்கு அந்தக் காட்சி எவ்வளவு அந்நியமாக இருந்திருக்கும்! அரையடி இடைவெளி கிடைத்தால் நுழைந்து போவதுதானே போக்குவரத்து. ஒரே வாரத்தில் பிளேஸ்டேஷன் ஸ்டோர் அந்த கேமை விற்பனையிலிருந்து எடுத்தது. மறுபடி வைத்தது 2021 ஜூனில்.

நன்றாகச் செய்தவர்களும் உண்டு. ஜிடிஏ 5இல் திரை ஓரத்துச் சிறு வரைபடமான மினிமேப்பில் ஒவ்வொரு போலீஸுக்கும் முன்னால் ஒரு பார்வைக் கூம்பு தெரியும். அதற்குள் சிக்காமல் சந்துக்குள் புகுந்தால் போலீஸ் எவ்வளவு தீவிரமாகத் தேடுகிறது என்று காட்டும் ஸ்டார்கள் மின்னத் தொடங்கும். தேடுகிறார்கள், ஆனால் காணவில்லை என்று பொருள். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2இல் குற்றத்தைப் பார்த்த சாட்சி ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும். அவரை வழியிலேயே நிறுத்திவிட்டால் சட்டம் வராது. இப்படி இருந்தால்தான் குற்றத்துக்கு விளைவு இருக்கிறது, ஆட்டக்காரருக்குத் தப்பிக்க யோசனை இருக்கிறது. இது இல்லாத நகரத்தைத்தான் உங்கள் நண்பர் 'செத்த ஊர்' என்கிறார். சரியான சொல்.

இனி 'சைபர்பங்க் தேறியதே' என்ற வாதம். தேறியது, ஆனால் எப்படி என்று பாருங்கள். 2021 மார்ச்சில் வந்த 1.2 பேட்ச், முக்கியமாகப் போலீஸ் முளைக்கும் தூரத்தைத்தான் கூட்டியது. கார் துரத்தலோடு கூடிய புதிய போலீஸ் முறை 2023 செப்டம்பரில் 2.0 பேட்ச்சில்தான் வந்தது. கிட்டத்தட்ட மூன்று வருடம். அதுவும் பிளேஸ்டேஷன் 4க்கும் பழைய எக்ஸ்பாக்ஸுக்கும் வரவே இல்லை. அந்தக் கன்சோல்களில் வாங்கியவரின் பழைய ரிவ்யூ இன்றைக்கும் செல்லும். எனவே 'பேட்ச் வந்து சரியாகிவிட்டது' என்று ஒருவர் சொன்னால், எந்தக் கருவியில், எந்தப் பதிப்பில் என்று கேளுங்கள். க்ராஷ், மெமரி லீக் (கேம் எடுத்த மெமரியைத் திருப்பித் தராமல் சேர்த்துக்கொண்டே போவது) போன்றவை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் சரியாகும். மைண்ட்ஸ்ஐயை உருவாக்கியவர்கள் வெளியீட்டு வாரத்திலேயே, ஏறத்தாழ பத்தில் ஒருவரை மெமரி லீக் பாதிப்பதாக ஒப்புக்கொண்டு திருத்த ஆரம்பித்தார்கள். போலீஸ், போக்குவரத்து, ஊர் மக்கள் இல்லாமல் கட்டிய நகரத்துக்குப் பின்னால் உயிர் கொடுப்பது வேறு வேலை. அதற்கு வருடங்கள் ஆகும், பெரும் பணம் ஆகும், பெரும்பாலான நிறுவனங்கள் அதைச் செய்வதில்லை. தள்ளுபடி விலையில் வாங்குங்கள், ஆனால் நாளைக்கு நகரம் உயிர்பெறும் என்ற நம்பிக்கைக்குக் காசு கொடுக்காதீர்கள். பத்துப் பன்னிரண்டு மணி நேரக் கதை போதுமென்றால் மட்டும் எடுக்கலாம்.

'லேக் அடிக்குது' என்ற புகாரை அப்படியே நம்பவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். நான்கு வெவ்வேறு நோய்களுக்கு எல்லோரும் அந்த ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள். ஒரே சாலையில் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தால் பிரித்துவிடலாம். முதல் முறை வெட்டி வெட்டி ஓடி, இரண்டாம் முறை வழுக்கிக்கொண்டு போனால் அது ஷேடர் (ஒளி, நிழல், நிறத்தை வரையும் சிறு நிரல்) தயாராகும் தாமதம். ஆரம்பத்தில் ஷேடர் தயாரிப்பை முழுதாக ஓட விட்டிருந்தால் பெரும்பாலும் குறையும், டிரைவர் புதுப்பித்தால் மறுபடி வரும். இரண்டு முறையும் அதே இடத்தில், அதே பாலத்தில் வெட்டினால், நகரத்தின் அடுத்த துண்டை ஏற்றும் முறையில் குறை. எஸ்எஸ்டி இருந்தும் இது வந்தால் உங்கள் செட்டிங்ஸால் அதிகம் ஒன்றும் செய்ய முடியாது, பேட்ச்தான் வரவேண்டும். முக்கால் மணி நேரம் நன்றாக ஓடிப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மோசமாகி, கேமை மூடித் திறந்ததும் உடனே சரியானால் மெமரி லீக். பத்து, பதினைந்து நிமிடத்திலேயே எஃப்பிஎஸ் இறங்கி, மூடித் திறந்தும் ஏறாமல் இருந்தால் லேப்டாப் சூடாகித் தன் வேகத்தைத் தானே குறைக்கிறது. ஏப்ரல் மதியத்தில் மெத்தை மேல் வைத்து விளையாடிவிட்டு கேமைத் திட்டி எழுதியவர்களும் அந்த ரிவ்யூக்களில் இருக்கிறார்கள். பின்பக்கத்தை இரண்டு விரல் உயர்த்தி வைப்பது, சார்ஜரைச் செருகியே விளையாடுவது, 60இல் எஃப்பிஎஸ்ஸைக் கட்டுவது, இதிலேயே பாதிப் பிரச்சினை தீரும்.

ரிவ்யூ எழுதியவர் எத்தனை மணி நேரம் ஆடிய பிறகு எழுதினார் என்பதைப் பிசி கேம்கள் விற்கும் தளமான ஸ்டீம் காட்டும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற கணக்கு இங்கே பொய்க்கும். முதல் சோறு வேறு அடுப்பில் வெந்தது. சைபர்பங்கில் கதையின் தொடக்கப் பகுதியில் வரும் பெரிய கொள்ளை முடியும்வரை வாட்சன் பகுதியை விட்டு வெளியே போக முடியாது. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2இல் முதல் அத்தியாயம் முழுக்கப் பனிமலை. மூன்று மணி நேரத்தில் எழுதப்பட்ட ரிவ்யூவை மெஷின் தாங்குகிறதா என்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். நகரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள 15 மணி நேரத்துக்கு மேல் ஆடியவர்களை வடிகட்டிப் படியுங்கள். மொத்த மதிப்பீட்டில் 40இலிருந்து 69 சதவீதம்வரை பாராட்டு இருந்தால் ஸ்டீம் அதற்கு 'கலவை' என்று பட்டம் கட்டிவிடும். அந்த ஒரு சொல்லை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. பக்கத்திலேயே கடைசி 30 நாள் மதிப்பீடு தனியாக இருக்கும், பேட்ச்சின் உண்மையான பலன் அதில் தெரியும்.

ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம். ஷேடர் தயாராகும் நேரமும் கேம் திறந்திருக்கும் நேரம்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். 90 நிமிடத்தில் நிறுத்திக்கொள்வதாகக் கடிகாரம் வையுங்கள். நகரம் திறந்திருந்தால் ஒரு மிஷனை மட்டும் முடித்துவிட்டு மீதி நேரத்தைத் தெருவில் செலவழியுங்கள். நடுரோட்டில் வண்டியை நிறுத்திப் பின்னால் வருபவை என்ன செய்கின்றன என்று பாருங்கள். ஒரு கூட்டத்தைப் பார்த்து, முழுவதுமாகத் திரும்பி, மறுபடி பாருங்கள். அதே ஆட்கள் இருக்கிறார்களா? யாருமில்லாத இடத்தில் ஒரு குற்றம், கூட்டத்தில் ஒரு குற்றம். இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் ரீஃபண்ட் பொத்தானை அழுத்தலாம். பிளேஸ்டேஷன் ஸ்டோரில் இந்த வசதி கிடையாது. டவுன்லோட் தொடங்கிவிட்டால் கேமில் பழுது இருந்தாலொழியப் பணம் வராது. உங்கள் குழுவில் கன்சோல் வைத்திருப்பவர்கள் டிஸ்க்காக வாங்கினால் பிடிக்காதபோது கைமாற்றிவிடலாம்.

உங்கள் லேப்டாப்பில் முதலில் முட்டப்போவது ராம் இல்லை, அந்த 6 ஜிபி கிராபிக்ஸ் மெமரி. அது நிரம்பினால் எஃப்பிஎஸ் சராசரி நன்றாக இருந்தும் வெட்டும். ரெசல்யூஷனைக் குறைக்கும் முன் டெக்ஸ்சரை (பொருள்களின் மேற்பரப்புப் படத்தின் தரம்) ஒரு படி இறக்குங்கள், பிறகு கூட்டத்தின் அடர்த்தியைக் குறைத்தால் பிராசசருக்கு மூச்சு கிடைக்கும். எஸ்எஸ்டியில் 100 ஜிபி எப்போதும் காலியாக இருக்கட்டும். பெரிய பேட்ச் வரும்போது ஸ்டீம் மாறும் ஃபைல்களின் புதிய பிரதியை எழுதி முடித்த பிறகே பழையதை நீக்கும். எஸ்.பி. ரோட்டுக்குப் போகும் முன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, இப்போதிருக்கும் 16 ஜிபி ஒரே ஸ்டிக்கா, இரண்டு எட்டு ஜிபி ஸ்டிக்கா என்று பாருங்கள். ஒரே ஸ்டிக் என்றால், அதே வேகத்தில் இன்னொன்று போடுவது பலன் தரும், இரண்டு வழியாகவும் தகவல் ஓடும். ஏற்கெனவே இரண்டு எட்டு என்றால் காசை வைத்துக்கொள்ளுங்கள்.

ஜிடிஏ 6க்காக ராம் வாங்குவதாக இருந்தால் நிச்சயம் வேண்டாம். அதைச் செய்யும் ராக்ஸ்டார் நிறுவனம் அறிவித்த தேதி 2026 நவம்பர் 19, அறிவித்திருப்பதும் பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் ஆகியவற்றுக்கு மட்டும். ஜிடிஏ 5 கன்சோலுக்கு 2013 செப்டம்பரில் வந்தது, பிசிக்கு 2015 ஏப்ரலில். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 பிசிக்கு ஒரு வருடம் தள்ளி வந்தது. கன்சோல்காரர்கள் எழுதப்போகும் முதல் ரிவ்யூக்களில் போலீஸைப் பற்றிய வரிகளை மட்டும் குறித்து வையுங்கள். செட்டிங்ஸ் பற்றி அவர்கள் சொல்லும் எதுவும் உங்கள் மெஷினுக்குப் பொருந்தாது.