பிடிக்க வேண்டுமென்றால் கீழே இறங்கு

கேள்வி: ரீச்சர், ஓர்பிற்றர் என்ற விண்பறப்பு மென்பொருளில் டெல்டா கிளைடர் என்ற கலத்தைச் சர்வதேச விண்வெளி நிலையத்தின் பாதைக்கே கொண்டுவந்துவிட்டேன். நிலையம் எனக்கு 40 கிலோமீற்றர் முன்னால் போய்க்கொண்டிருந்தது. மூக்கை அதை நோக்கித் திருப்பி, செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தைக் கூட்டினேன். முதல் பத்து நிமிடம் கொஞ்சம் கிட்ட வந்தது. ஒரு சுற்று முடிந்து பார்த்தால் 200 கிலோமீற்றருக்கு மேல் தள்ளிப் போயிருக்கிறது. மென்பொருளில் பிழையா, என்னில் பிழையா?
— உயர்தர மாணவன், கொக்குவில்

பதில்: தம்பி, மென்பொருள் சரியாகத்தான் நடந்திருக்கிறது. 1965 ஜூனில் ஜெமினி 4 விண்கலத்தில் ஜேம்ஸ் மக்டிவிற் செய்ததும் இதைத்தான். கழன்றுபோன ரொக்கெட் பகுதி கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் மிதந்தது. அதை நோக்கிக் கலத்தைத் தள்ளினார், அது விலகிப் போனது. எரிபொருள் கரைந்துகொண்டே போக, முயற்சியைக் கைவிட வேண்டியதாயிற்று.

நல்லூர்க் கோயிலில் ஒருவர் உள்வீதியாலும் இன்னொருவர் வெளிவீதியாலும் சுற்றினால் கோபுரவாசலுக்கு முதலில் வருபவர் யார்? விண்வெளியில் உள்வீதிக்காரருக்குத் தூரம் குறைவு என்பதோடு வேகமும் கூட. 400 கிலோமீற்றர் உயரத்தில் வேகம் செக்கனுக்கு 7.67 கிலோமீற்றர். கீழே போகப் போக அது கூடும். நீர் வேகத்தைக் கூட்டியதும் உமது பாதையின் மறுபக்கம் மேலே எழும்பிவிட்டது. அதாவது, நீராகவே வெளிவீதிக்குப் போய்விட்டீர்.

இப்போது கொப்பியை எடும். நிலையம் ஒரு முறை பூமியைச் சுற்ற ஏறத்தாழ 92.5 நிமிடம், அதாவது 5,550 செக்கன். வேகத்தைச் சிறிதளவு மாற்றினால், ஒரு சுற்றின் முடிவில் இடைவெளி எவ்வளவு மாறும் என்பதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது: வேக மாற்றத்தை மூன்றால் பெருக்கி, அதைச் சுற்றும் நேரத்தால் பெருக்கும். 10 × 3 × 5,550. விடை 166,500 மீற்றர். ஏற்கெனவே இருந்த 40 கிலோமீற்றரையும் சேர்த்தால் 206. நீர் கண்ட 200 இதுதான்.

இதையே திருப்பிப் போடும். 40,000ஐ 16,650ஆல் (3 × 5,550) வகுத்தால் 2.4 வரும். செக்கனுக்கு 2.4 மீற்றர், அதுவும் பின்நோக்கி! பாதையின் மறுபக்கம் எட்டரைக் கிலோமீற்றர் கீழே இறங்கும், நீர் உள்வீதிக்காரர் ஆவீர். பிறகு விசைப்பலகையைத் தொடாமல் ஒரு முழுச் சுற்றுக்குக் காத்திரும். பொறுமை இல்லையென்றால் டி விசையால் நேரத்தை ஓடவிட்டு, ஆர் விசையால் மெதுவாக்கலாம். தொடங்கிய இடத்துக்கு வந்ததும் அதே 2.4ஐ முன்நோக்கிக் கொடும். நான் எப்போதும் 40க்குப் பதில் 39 என்று போட்டுக் கணக்கிடுவேன். மிஞ்சும் ஒரு கிலோமீற்றரைக் கண்ணால் பார்த்துப் பார்த்து நெருங்கலாம். உண்மையான விண்கலங்கள் நிலையத்தைத் தொடும்போது வேகம் செக்கனுக்குப் பத்துச் சென்ரிமீற்றர் அளவுதான்.

இந்தக் கணக்கை நான் கற்றது 2022 மார்ச்சில். மின்வெட்டு 13 மணி நேரம் வரை போன நாட்கள் அவை. மடிக்கணினி இரண்டு மணி நேரத்தில் அணைந்துவிடும். மீதி நேரம் மெழுகுதிரி வெளிச்சத்தில் கணக்குத்தான். ஒரு நாள் மெழுகு சொட்டிய இடத்தில் பேனை பிடிக்காமல், 2க்கும் 4க்கும் நடுவே புள்ளி விழவில்லை. மறுநாள் மின்சாரம் வந்ததும் 24 என்று வாசித்து, 24 மீற்றர் வேகத்தைக் குறைத்தேன். ஒரு சுற்றின் பின் நிலையம் எனக்கு 360 கிலோமீற்றர் பின்னால் நின்றது. அந்தப் பக்கத்தை இன்னும் கிழிக்கவில்லை. தம்பி, புள்ளியையும் அலகையும் அழுத்தி எழுதும்.

கேள்வி: மகன் உயர்தரத்தில் கணிதப் பிரிவு. இரவு 11 மணியானாலும் கணினியில் ரொக்கெட் ஓட்டிக்கொண்டிருக்கிறான். நிறுத்தச் சொல்வதா, விடுவதா?
— ஒரு தாய், கரவெட்டி

பதில்: அம்மா, கணினிக்குப் பக்கத்தில் கொப்பியும் பேனையும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அவன் படித்துக்கொண்டிருக்கிறான். ஓர்பிற்றர், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர் மாட்டின் ஷ்வைகர் எழுதி 2000ஆம் ஆண்டு இலவசமாக வெளியிட்டது. 2021இல் அதன் மூல நிரலையும் எல்லோருக்கும் திறந்துவிட்டார். அதில் புள்ளிகள் இல்லை, சுட்டுவீழ்த்த எதிரிகள் இல்லை, நியூட்டனின் விதிகள்தாம் இருக்கின்றன. இணைந்த கணிதத்தில் சார்பு வேகம் என்று பிள்ளை படிப்பது அங்கே கண்முன்னால் நகர்கிறது. சந்திரனில் கால்வைத்த அல்ட்ரின், 1963இல் மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ந்த விடயமே சுற்றுப்பாதையில் இரண்டு கலங்கள் சந்திப்பது எப்படி என்பதுதான்.

ஆனால் 11 மணி கூடாது. ஒன்பதரைக்கு அணைக்கச் சொல்லுங்கள். அணைக்கும் முன் அன்றைக்கு என்ன செய்தான் என்று உங்களுக்கு விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். உங்களுக்கு விளங்கும்படி அவன் சொல்லிவிட்டால், அவனுக்கு நன்றாக விளங்கியிருக்கிறது.

கேள்வி: கிழக்கே புறப்பட்டால் பூமியின் சுழற்சி உதவும் என்று படித்து, பலாலியிலிருந்து நேர் கிழக்கே ஏறினேன். சுற்றுப்பாதை கிடைத்தது, நிலையத்தைத்தான் சந்திக்கவே முடியவில்லை. ஏன்?
— வாசகி, சாவகச்சேரி

பதில்: தங்கச்சி, பூமி பலாலியில் உமக்குத் தரும் சீதனம் செக்கனுக்கு 458 மீற்றர். அது உண்மைதான். ஆனால் நேர் கிழக்கே போனால் உமது பாதை மத்திய கோட்டுக்கு 9.8 பாகைதான் சாய்ந்திருக்கும். நிலையத்தின் பாதைச் சாய்வு 51.6 பாகை. மேலே போனபின் அந்த வித்தியாசத்தைத் திருத்தச் செக்கனுக்கு ஏறத்தாழ 5.5 கிலோமீற்றர் வேக மாற்றம் தேவை. அவ்வளவு எரிபொருளுக்கு எங்கே போவது? திசையைத் தரையிலேயே சரிசெய்ய வேண்டும். வடக்கிலிருந்து கிழக்குப் பக்கமாக ஏறத்தாழ 36 பாகை திரும்பி, வங்காள விரிகுடாவுக்கு மேலால் ஏறும். அதற்கும் நேரம் பார்க்க வேண்டும். நிலையத்தின் பாதைத் தளம் பலாலிக்கு மேலே வருவது நாளுக்கு இரண்டு முறை, அதில் வடகிழக்கே போகும் முறை ஒன்றுதான்.

தளம் என்றால் என்னவென்று மனதில் பிடிபடவில்லையா? ஒரு மாலை எங்கள் கிணற்றடியில் நின்று நிலையத்தைப் பார்த்தேன். தென்மேற்கில் பனைகளுக்கு மேலே எழும்பி, சிமிட்டாத வெள்ளியைப் போல உச்சிக்கு வந்து, வடகிழக்கே இறங்கும்போது பூமியின் நிழலுக்குள் போய் மறைந்தது. வானத்தில் அது இழுத்த அந்தக் கோட்டையும் பூமியின் மையத்தையும் சேர்த்துப் போகும் தட்டையான பரப்புதான் தளம். அந்தக் கோட்டின் வழியே நீரும் ஏற வேண்டும்.

கேள்வி: என் மடிக்கணினியில் வலப்பக்க எண் விசைகள் இல்லை. கலத்தை எப்படித் திருப்புவது?
— மானிப்பாய்

பதில்: ஓர்பிற்றர் கோப்புறையில் விசைகளுக்கான கோப்பு ஒன்று இருக்கிறது. அதை நோட்பாட்டில் திறந்து வேறு விசைகளை வைத்துக்கொள்ளலாம். தனியாக எண் விசைப்பலகை ஒன்று வாங்கிச் செருகினால் இன்னும் நல்லது. சுழலும் கலத்தை நிறுத்தும் 5 விசை, அவசரத்தில் விரலுக்குத் தானாக அகப்பட வேண்டும்.