கல்யாணச் செருப்பு கடிக்காமல் இருக்க

கேள்வி: இன்னும் ஆறு வாரத்தில் எனக்குத் திருமணம். உடைக்குப் பொருத்தமாக 4 அங்குல ஹீல்ஸ் வாங்கிவிட்டேன். வழக்கமாகத் தட்டைச் செருப்புதான் போடுவேன். வீட்டில் போட்டு நடந்து பார்த்தால் அரை மணி நேரத்தில் முன்பாதம் எரிகிறது, சுண்டுவிரல் சிவந்துவிடுகிறது. அன்று பல மணி நேரம் நிற்க வேண்டும். போடப் போடப் பழகிவிடுமா, வேறு வாங்கட்டுமா?

வேறு வாங்கிவிடுங்கள். ஆசையாக வாங்கியதை ஒதுக்கிவைக்க மனம் வராதுதான். ஆனால் நீங்கள் சொல்லும் இரண்டு வலிக்கும் காரணம் வேறு வேறு. சுண்டுவிரல் சிவப்பது முன்பக்கம் குறுகலாக இருப்பதால். தோல் காலணி என்றால் நாளாவட்டத்தில் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். முன்பாதம் எரிவதோ உயரத்தால். எத்தனை நாள் போட்டாலும் உயரம் குறையப்போவதில்லை.

வெறுங்காலில் நிற்கும்போது உடல் எடையில் பாதிக்கு மேல் குதிகாலில்தான் இறங்குகிறது. குதிகாலைத் தூக்கத் தூக்க அந்தப் பாரம் முன்னால் சரிந்து, விரல்களுக்குப் பின்னால் இருக்கும் சிறு எலும்பு முனைகளின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். விரல்களும் சரிவில் வழுக்கி நுனியில் போய் இடித்துக்கொண்டே இருக்கும். போதாததற்கு, தட்டைச் செருப்பிலேயே பழகிய உங்கள் கெண்டைக்கால் தசை அன்று முழுக்கச் சுருங்கிய நிலையிலேயே வேலை செய்ய வேண்டும். மறுநாள் காலையில் கட்டிலிலிருந்து இறங்கும்போது அது தெரியும்.

உங்களுக்கு 2 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். ஒன்றரை என்றால் இன்னும் நிம்மதி. ஊசி ஹீல் தவிர்த்து, அகலமான கட்டை போன்ற பிளாக் ஹீல் அல்லது குதியிலிருந்து முன்பக்கம் வரை அடி இடைவெளியின்றி ஒரே சரிவாக இருக்கும் வெட்ஜ் எடுங்கள். உயரமாகத் தெரிய வேண்டும் என்றால் முன்பக்க அடியும் கொஞ்சம் தடிமனாக உள்ளதைப் பாருங்கள். பின்னால் 3 அங்குலம், முன்னால் 1 அங்குலம் என்றால் பாதம் உணரும் சரிவு 2 அங்குலம்தான். ஆனால் அடிப்பாகம் ரொம்பத் தடிமனாகப் போனால் கணுக்கால் சட்டென்று மடங்கும் ஆபத்து உண்டு, அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்கு மாலையில் போங்கள். பகல் முழுக்க நின்று நடந்ததில் பாதம் சற்று வீங்கியிருக்கும், கல்யாணத்தன்றும் அப்படித்தான் இருக்கும். கிளம்பும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். வெள்ளைத் தாளில் முழு எடையோடு நின்று, பென்சிலை நேராகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரையச் சொல்லுங்கள். இரண்டு பாதத்துக்கும் வேண்டும், ஏனென்றால் பலருக்கும் ஒன்று சற்றுப் பெரிது. இப்போது வாங்கிவைத்திருக்கும் ஹீல்ஸை அந்தக் கோட்டின் மேல் வைத்துப் பாருங்கள். சுண்டுவிரல் பக்கம் பென்சில் கோடு காலணிக்கு வெளியே நிற்கும். விரல் சிவந்ததன் கதை அந்த இடைவெளியில் இருக்கிறது. புதுக் காலணி அந்தக் கோட்டை முழுக்க மூட வேண்டும், பெரிய பாதத்தின் கோட்டை.

போட்டு நின்றதும் நீண்ட கால்விரலுக்கு முன்னால் கையின் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்கட்டும். குதிகால் தூக்கும்போது காலணி கழன்று வரக்கூடாது. கணுக்காலைச் சுற்றி ஸ்ட்ராப் இருந்தால் பாதி பிரச்சினை தீர்ந்தது. கம்பளத்தில் நடந்து பார்த்துவிட்டு வராதீர்கள். கல் தரையில் நடங்கள், முடிந்தால் நாலு படி இறங்குங்கள். விரல் இடிப்பது இறங்கும்போதுதான் தெரியும்.

கல், மணி வைத்துத் தைத்த ஸ்ட்ராப் என்றால் விரலை உள்ளே விட்டுத் தடவுங்கள். வெளியே மின்னும் ஒவ்வொரு மணிக்கும் உள்ளே ஒரு நூல் முடிச்சு இருக்கும். அதற்கு மேல் மெத்தென்ற துணி வைத்துத் தைத்திருக்கிறார்களா பாருங்கள், இல்லையென்றால் தோலை அறுத்துவிடும். மெல்லிய தோலும், வெல்வெட் போல மெத்தென்றிருக்கும் ஸ்வேட் தோலும் இளகும். பளபளவென்ற பேட்டன்ட் தோல், சாட்டின் துணி, ரெக்ஸின் எல்லாம் அவ்வளவாக இளகாது. இவற்றில் முதல் நாளே சரியாக இல்லாதது கடைசி நாளும் சரியாக இருக்காது.

ஜெல் பேட் வைப்பதாக இருந்தால் கடையிலேயே வைத்துப் போட்டுப் பாருங்கள், அதுவும் இடத்தை அடைக்கும். எரியும் இடத்துக்கு நேர் கீழே வைக்காமல், அதற்குச் சற்றுப் பின்னால் வைத்தால்தான் எலும்பு முனைகளின் பாரம் குறையும்.

வாங்கியதும் தினமும் அரை மணி நேரம் வீட்டில் போடுங்கள், மெல்ல 2, 3 மணி நேரம் வரை கூட்டுங்கள். எங்கெங்கே சிவக்கிறது என்று குறித்துக்கொண்டால், அன்று கிளம்பும் முன்பே அந்த இடங்களில் பிளாஸ்டர் ஒட்டிவிடலாம். கொப்புளம் வந்தபிறகு ஒட்டுவது அவஸ்தை. வழுவழுப்பான புது அடிப்பாகத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் வழுக்காது. சர்க்கரை நோய் இருந்தாலோ, பாதம் மரத்துப்போனாலோ மருத்துவரிடம் பாதத்தைக் காட்டிவிட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. உடையின் நீளம் 4 அங்குல ஹீல்ஸுக்கு அளந்ததாக இருந்தால், இப்போது 2 அங்குலம் தரையில் புரளும், தடுக்கிவிடும். அவசரத்துக்கு வைத்திருக்கும் மாற்றுச் செருப்புக்கும் இதே கணக்குதான், அதையும் ஏறக்குறைய அதே உயரத்தில் வாங்குங்கள். தையற்காரரிடம் போகும்போது இரண்டு ஜோடியையும் கையோடு எடுத்துச் சென்று, போட்டு நின்று அளவு கொடுங்கள்.