வெளிநாட்டுல போராட்டத்துக்கு நடுவுல மாட்டிக்கிட்டா? உங்க கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஹோட்டலுக்கு நடந்து போறப்ப எதிர்ல பெரிய ஊர்வலம் வருது. ஓடவா, ஓரமா நிக்கவா?

ரெண்டும் வேண்டாம். ஓடுறவனைத்தான் போலீஸ் துரத்தும். பக்கத்து தெருவுல திரும்பி சாதாரணமா நடங்க, முட்டுச்சந்தா இல்லையான்னு மட்டும் பாத்துக்கோங்க. ஏற்கனவே கூட்டத்துக்குள்ள சிக்கிட்டீங்கன்னா எதிர்நீச்சல் போடாதீங்க, அது போற திசையிலயே போயி கொஞ்சம் கொஞ்சமா குறுக்கால நகர்ந்து ஓரத்துக்கு வந்துருங்க. கடைக்காரங்க ஷட்டரை பாதி இறக்கி வெச்சுட்டு வாசல்ல நின்னு ரோட்டையே பாக்குறாங்கன்னா அதுதான் சிக்னல், கிளம்பிடுங்க. கண்ணீர்ப்புகை போட்டா காத்து எந்தப் பக்கத்துல இருந்து அடிக்குதோ அந்தப் பக்கமா நகருங்க, கண்ணை கசக்காம நல்ல தண்ணியில கழுவுங்க, கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தா கையை கழுவிட்டு கழட்டி தூக்கி போட்டுடுங்க.

கேள்வி: நான் கோஷமே போடல, சும்மா வீடியோ எடுத்தா என்ன தப்பு?

அது உங்களுக்குத்தான் சும்மா. போலீஸ் பார்வைக்கு நீங்களும் கூட்டத்துல ஒரு ஆளு, கூட்டத்துக்கோ நீங்க உளவாளி. சிங்கப்பூர்ல போராட்டத்துக்குன்னே ஒதுக்கின ஸ்பீக்கர்ஸ் கார்னர்ல நடக்குற போராட்டத்துல சிட்டிசனோ பிஆரோ (நிரந்தரமா தங்க அனுமதி வாங்கினவங்க) இல்லாதவங்க கலந்துக்கவே கூடாது. மெக்சிகோ அரசியல் சாசனம் 33வது பிரிவும் வெளிநாட்டுக்காரங்க அந்த நாட்டு அரசியல்ல தலையிடக் கூடாதுன்னு தெளிவா சொல்லுது. லைக்குக்காக விசாவை பணயம் வைக்காதீங்க.

கேள்வி: ஏர்போர்ட்டையே மூடிட்டா காசு திரும்ப வருமா?

நடக்காத விஷயம் இல்ல. 2008 நவம்பர் கடைசியில பாங்காக் சுவர்ணபூமி ஏர்போர்ட்டை போராட்டக்காரங்க பிடிச்சு ஒரு வாரம் போல முடக்கிட்டாங்க, 2019 ஆகஸ்ட்ல ஹாங்காங்லயும் 2025 செப்டம்பர்ல காத்மாண்டுலயும் போராட்டத்தால ஏர்போர்ட் முடங்குச்சு. பொதுவா செய்யக் கூடாத ஒரு வேலை என்னன்னா பதட்டத்துல நீங்களே டிக்கெட்டை கேன்சல் பண்றது, ஏர்லைன்ஸ் கேன்சல் பண்ற வரைக்கும் பொறுங்க, ஏன்னா நீங்க பண்ணா அது உங்க விருப்பம்னு ஆகிடும். ஐரோப்பிய யூனியன் விதிக்குள்ள வர்ற ஃப்ளைட்டுன்னா இந்த மாதிரி சமயத்துல தனியா நஷ்டஈடு பொதுவா கிடைக்காது, ஆனா ரீஃபண்ட் இல்லன்னா வேற ஃப்ளைட் குடுத்தே ஆகணும், வேற ஃப்ளைட்டுக்கு காத்திருந்தா சாப்பாடு, தங்குற இடமும் அவங்க பொறுப்பு. பில்லெல்லாம் பத்திரமா வைங்க. இன்சூரன்ஸ்ல கலவரத்துக்கு கவர் இருக்கான்னு படிச்சுட்டுதான் வாங்கணும், பிரச்சனை நியூஸ்ல வந்த பிறகு எடுத்த பாலிசியில பெரும்பாலும் கையை விரிச்சிடுவாங்க.

கேள்வி: நெட்டை கட் பண்ணிட்டா?

2011ல எகிப்து, 2024 ஜூலைல பங்களாதேஷ் ரெண்டுலயும் பண்ணாங்க. ஆஃப்லைன் மேப், சில்லறை நோட்டா கொஞ்சம் பணம், தூதரக நம்பரும் ஹோட்டல் அட்ரஸும் பேப்பர்ல, அட்ரஸ் அந்த ஊர் எழுத்துலயே.

கேள்வி: தப்பா பிடிச்சுட்டு போயிட்டா தூதரகம் வெளிய எடுக்குமா?

எடுக்காது. வந்து பாப்பாங்க, வக்கீல் லிஸ்ட் குடுப்பாங்க, நீங்க சம்மதிச்சா வீட்டுக்கு தகவல் சொல்லுவாங்க, அவ்ளோதான். ஆனா நீங்க கேட்டா போலீஸ் உங்க தூதரகத்துக்கு தாமதமில்லாம சொல்லணும்னு தூதரக உறவு பத்தின 1963 வியன்னா ஒப்பந்தம் 36வது பிரிவுல இருக்கு, அதனால முதல் வார்த்தையா அதை கேளுங்க. புரியாத மொழியில பேப்பர் நீட்டினா கையெழுத்து போடாதீங்க.

கேள்வி: ஊரடங்கு நேரத்துல ஃப்ளைட் இருந்தா?

இலங்கையில ஊரடங்கு போட்டப்ப பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் காட்டினவங்களை ஏர்போர்ட் போக விட்டாங்க. எல்லா ஊர்லயும் விடுவாங்கன்னு நம்பி கிளம்பிடாதீங்க, ஹோட்டல் ரிசப்ஷன்ல கேளுங்க, டிக்கெட்டை பிரிண்ட் எடுத்து வைங்க, செக்போஸ்ட்ல ஃபோன் ஸ்க்ரீனை பாக்க எல்லாருக்கும் பொறுமை இருக்காது.