மோக்கா பாட் காபி ஏன் கசக்கிறது?

கேள்வி: துபாயிலிருந்து வந்த மகன், எட்டுப் பட்டையாக ஒரு அலுமினிய காபி பாத்திரம் வாங்கி வந்தான். மோக்கா பாட் என்று பெயராம். எப்போதும் வாங்கும் ஃபில்டர் காபிப் பொடியைத்தான் நிறைய அமுக்கி வைத்துப் போடுகிறேன். டிகாக்ஷன் கொஞ்சம்தான் வருகிறது, ஒரே கசப்பு, கருகிய வாடை வேறு. பாத்திரத்தில் குறையா?
- ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: பாத்திரத்தில் குறை இருக்காது அம்மா. ஃபில்டரில் போட்டுப் பழகிய கை இதிலும் அமுக்குகிறது, கோளாறு அங்கேதான். ஃபில்டரில் வெந்நீர் தன் பாரத்தில் சொட்டுச் சொட்டாக இறங்கும். இது நேர்மாறு, கீழ்த்தட்டுத் தண்ணீர் சூடாகி, ஆவி தள்ளத் தள்ள, பொடி வழியாக மேலே ஏறும். 1933-இல் இத்தாலியில் வந்த இந்தப் பாத்திரத்தின் அமைப்பு இன்றைக்கும் மாறவில்லை. எஸ்பிரஸ்ஸோ மெஷினில் 9 பார் அழுத்தம் என்றால் இதில் ஒன்று, ஒன்றரைதான், அமுக்கிய பொடியைத் துளைத்து ஏற அது போதாது, அதிலும் சிக்கரி கலந்த நைஸ் பொடி ஈரம் பட்டதும் அடைத்துக்கொள்ளும்.

நாகர்கோவில் போகும்போது கொட்டை அரைத்துத் தரும் கடையில் சிக்கரி இல்லாமல், தூள் உப்பு பதத்துக்கு அரைத்து வாங்குங்கள். தலைதட்டிப் போட்டு விரலால் நிரவினால் போதும், அமுக்கவே வேண்டாம். கீழே ஏற்கெனவே கொதித்த வெந்நீரை ஊற்றுங்கள், பக்கத்தில் இருக்கும் சின்ன வால்வுக்குக் கீழே வரைக்கும்தான். பச்சைத் தண்ணீர் என்றால் அது சூடாகும்வரை பொடியும் சேர்ந்து வேகும். துணியால் பிடித்து இறுக்கி மூடுங்கள், சுடும்.

அப்புறம் தீ. சின்ன பர்னரில் சிம்மில் வைத்து, மேல் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நில்லுங்கள். நடுக்குழாயிலிருந்து முதலில் கருப்பட்டிப் பாகு நிறத்தில் வழியும், வாசனை அடுக்களை முழுக்க நிறையும், அதுதான் நல்ல டிகாக்ஷன். போகப்போக வெளுத்துத் தேன் நிறமாகும். அந்த நிறம் வந்ததும், சீறிக் குமிழ் விடும் முன்பே இறக்கி, அடிப்பாகத்தைக் குழாய்த் தண்ணீரில் காட்டிவிடுங்கள். அந்தச் சீறலோடு வருவது பெரும்பாலும் ஆவி, உங்களுக்குக் கசந்ததும் கருகியதும் அதனால்தான்.

பால் சேர்ப்பதென்றால் ஒரு பங்கு டிகாக்ஷனுக்கு இரண்டு பங்கு காய்ச்சிய பால் சரியாக இருக்கும். கருப்பட்டி காபி வேண்டுமென்றால், தனியாகக் கரைத்து வடிகட்டி டம்ளரில் சேருங்கள். கருப்பட்டியைக் கீழ்த்தட்டில் போட்டுக் காய்ச்சவே கூடாது, ஆவி அடைபடாமல் காக்கிற வால்வை அந்தப் பாகு அடைத்துவிட்டால் பெரிய ஆபத்து.