மகனுக்குப் பதிலாகப் பேசும் தாய்

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் பல ஆண்டுகளாக வசிக்கிறோம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ப்ரீ-மெட் (மருத்துவக் கல்லூரிக்கு முந்தைய ஆயத்தப் படிப்பு) இரண்டாம் ஆண்டு படிக்கும் மகன், மருத்துவம் வேண்டாம், நாடகத் துறைக்கு மாறப்போகிறேன் என்கிறான். "நடிகர் ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸும் இங்கே மருத்துவம் படிக்க வந்து நாடகத்துக்கு மாறியவர்தான், அவருக்கும் திக்குவாய்தான்" என்று வாதாடுகிறான். இவனும் சிறு வயதிலிருந்தே திக்கிப் பேசுபவன். மருந்துக்கடைக்குக்கூட இவனுக்காக நான்தான் போன் பேசுவேன். இதை இவன் அப்பாவிடமும் நான்தான் சொல்ல வேண்டும். மேடை ஏறினால் சிரிக்க மாட்டார்களா? எப்படித் தடுப்பது?

பதில்: டாக்டராக வேண்டிய பிள்ளை கலையென்று கிளம்பிவிட்டான் என்று புலம்பும் கடிதங்களுக்கு இந்தப் பகுதியில் பஞ்சமே இல்லை. எழுதுபவர்கள் எல்லோரும் எதிர்பார்ப்பது, "கவலை வேண்டாம், போகப்போகச் சரியாகிவிடும்" என்ற ஒரே பதிலைத்தான். அது என்னிடம் கிடையாது. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது, போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்ட அந்த மருந்துக்கடை போன். கல்லூரிக்குப் போகும் ஆண்பிள்ளை தன் மாத்திரையைக்கூடத் தானே கேட்டு வாங்குவதில்லை என்பதை ஏதோ வீட்டு வழக்கம் போல ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள்.

ஜோன்ஸின் பெயரைச் சொல்லி உங்கள் மகன் வாதாடினான். அந்த மனிதரின் கதையை நீங்கள் முழுதாகக் கேட்டீர்களா? 1931இல் மிசிசிப்பியில் பிறந்தவரை, தந்தை குடும்பத்தை விட்டுப் போய்விட்டதால், தாயைப் பெற்றவர்களே வளர்த்தார்கள். ஐந்து வயதில் நீங்கள் இருக்கும் அதே மிச்சிகனுக்கு, ஒரு பண்ணைக்குக் குடிபெயர்ந்த பிறகு திக்கல் முற்றிப்போய், ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் பள்ளியில் வாயே திறக்காமல், வீட்டாரிடமும் பண்ணையின் ஆடுமாடுகளிடமும் மட்டுமே பேசிக்கொண்டிருந்தார். பையன் கிரேப்ஃப்ரூட் பழத்தைப் பற்றி ஒரு கவிதை எழுதியிருந்தான். அதைப் படித்த ஆங்கில ஆசிரியர் டொனால்ட் கிரவுச், இது உன் சொந்தச் சரக்குதான் என்றால் வகுப்பின் முன்னால் நின்று பார்க்காமல் சொல் என்றார். பையன் எழுந்து நின்றான், திக்காமல் சொல்லி முடித்தான். பாவம் பிள்ளை என்று அந்த ஆசிரியர் தாமே வாசித்து முடித்திருக்கலாம். இருபது ஆண்டுகளாக நீங்கள் செய்துவருவது அதைத்தான்.

திக்கல் அன்றோடு ஓடிப்போய்விடவில்லை. முதுமையிலும் தாம் திக்குபவர்தான் என்று சொல்லிக்கொண்டேதான் அவர் மேடையேறினார். 1969இல் 'தி கிரேட் ஒயிட் ஹோப்' நாடகத்துக்காக, அமெரிக்க நாடக உலகின் உயரிய விருதான டோனி. 1977இல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் முகமே காட்டாமல் டார்த் வேடர் என்ற வில்லனின் குரல். 1987இல் 'ஃபென்சஸ்' நாடகத்துக்காக மறுபடியும் டோனி.

அந்த 'ஃபென்சஸ்' நாடகத்தை நீங்களும் உங்கள் கணவரும் படிக்க வேண்டும். ஜோன்ஸ் ஏற்ற ட்ராய் என்ற பாத்திரம் பிட்ஸ்பர்க்கில் குப்பை அள்ளும் தொழிலாளி. கறுப்பினத்தவன் என்பதால் பேஸ்பாலில் தனக்குக் கிடைக்காமல் போன இடத்தை எண்ணிக் குமைபவன், மகனை அமெரிக்கக் கால்பந்து ஆடக் கல்லூரி அழைக்கும்போது கையெழுத்துப் போட மறுக்கிறான். என்னை உங்களுக்கு ஏன் பிடிக்கவில்லை என்று மகன் கேட்டால், உன்னைப் பிடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது, சோறும் கூரையும் தருவது என் கடமை, தருகிறேன் என்கிறான். சோறு போட்டதோடு கடமை தீர்ந்தது என்று நினைத்தான் ட்ராய். உங்களுக்கோ கடமை எங்கே தீர்கிறது என்பதே தெரியவில்லை, பிள்ளையின் நாக்குவரை போய்விட்டீர்கள்.

மேடையில் சிரிப்பார்களா என்கிறீர்கள். சிலர் சிரிக்கத்தான் செய்வார்கள். அவன் ஜோன்ஸ் ஆகிவிடுவான் என்றும் நான் சொல்லப்போவதில்லை. நடிப்பை நம்பி வாடகை கட்டுவது அமெரிக்காவிலும் பெரும்பாலோருக்கு முடியாத காரியம்தான். இதை உங்கள் மகனும் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். அவன் உதாரணம் காட்டிய மனிதர் 1955இல் பட்டத்தை முடித்தார், இராணுவத்தில் பணியாற்றினார், மானிஸ்டீ நகரத்து ராம்ஸ்டெல் தியேட்டரில் தச்சு வேலை பார்த்தார், நியூயார்க்கில் நடிப்புப் பயின்ற நாட்களில் துப்புரவு வேலை செய்து வயிற்றைக் கழுவினார். பெற்றோர் செலவில் கலைஞனாவது என் கணக்கில் கலை அல்ல.

அப்பாவிடம் அவனே பேசட்டும். ஒரு வாக்கியத்துக்கு ஐந்து நிமிடம் ஆனாலும் ஆகட்டும். நீங்கள் எடுத்துக்கொடுக்கக் கூடாது, கண்ஜாடையும் கூடாது, இருப்புக்கொள்ளவில்லையென்றால் வெளியே போய்விடுங்கள். பட்டம் வாங்கும்வரை, எந்தத் துறையானாலும், கல்விக் கட்டணம் உங்கள் பொறுப்பு. அதன் பிறகு ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள். உங்கள் கணவருக்குத் தெரியாமல் அனுப்பவும் கூடாது.