பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை செய்தால், அலுவலகத்தில் பாதி மேசைகள் போதுமா?

போதாது. ஒரு மேசையைச் சராசரியாக எத்தனை ஊழியர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பதை மேசைப் பகிர்வு விகிதம் என்பார்கள். இதைச் சராசரி வருகையை வைத்து முடிவு செய்வதில்தான் பல நிறுவனங்கள் தவறிவிடுகின்றன.

200 பேர் உள்ள அலுவலகத்துக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை 70, 130, 140, 120, 40 பேர் வருவதாக வைத்துக்கொள்வோம். சராசரி சரியாக 100. ஆனால் 100 மேசைகள் மட்டும் போட்டால் புதன்கிழமை 40 பேருக்கு இடமிருக்காது. அப்படி ஒருமுறை அலைந்தவர் அடுத்த வாரம் வரவே தயங்குவார், அதுதான் எனக்குப் பெரிய கவலை. பேருந்தைப் பாருங்கள்: மதியம் காலியாக ஓடினாலும், காலை நெரிசலை வைத்துத்தானே எத்தனை வண்டி விடுவது என்று முடிவு செய்கிறோம்?

எனவே முதலில் சில மாதங்கள் நுழைவு அட்டைப் பதிவுகளைக் கிழமைவாரியாகப் பாருங்கள். குழுக்கள் வரும் நாட்களைப் பிரித்து வைத்தாலே உச்சம் கணிசமாகக் குறையும். அப்புறம் குத்தகை. அது பல ஆண்டுகளுக்குக் கட்டிப்போடும், வருகையோ சில மாதங்களிலேயே மாறிவிடும். நிச்சயமாகத் தேவைப்படும் இடத்தை மட்டும் நீண்ட காலத்துக்கு எடுத்து, மீதியைக் குறுகிய கால வாடகைக்கு எடுப்பது நல்லது.

மேசை குறைந்தால் பரப்பளவும் அதே விகிதத்தில் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அலுவலகம் வருகிறவர்கள் பெரும்பாலும் சேர்ந்து பேசத்தான் வருகிறார்கள், அதனால் மிச்சமாகும் இடத்தில் ஒரு பகுதி கூட்ட அறைகளுக்கே போய்விடும்.